பனிக்காலத்தில் பெரிய லாரிகளை எங்கே, எப்படி நிறுத்துவது: ஓர் உரிமையாளருக்கு விரிவான பதில்

வாலாஜாபேட்டையைச் சேர்ந்த லாரி உரிமையாளர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. அவரிடம் 10 சக்கர லாரிகள் இரண்டு இருக்கின்றன. ஒன்று சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையே ஓடுகிறது. மற்றொன்று ராணிப்பேட்டையிலும் ஆம்பூரிலும் பதனிட்ட தோலை ஏற்றிக்கொண்டு இந்த ஆண்டு முதல் ஆக்ராவுக்குப் போகிறது. அங்கிருந்து லோடு கிடைத்தால் ஜம்மு வரையும், ஒருவேளை அதற்கு மேலும் போகலாம். இரவில் நிறுத்தும்போது இன்ஜினை விடியும் வரை ஓட விட வேண்டும் என்கிறார் ஓர் ஓட்டுநர். பனியில் ஹேண்ட் பிரேக் போட்டால் ஒட்டிக்கொள்ளும், அதனால் போடவே கூடாது என்கிறார் மற்றவர். இருவரில் யார் சொல்வது சரி, பனிக்காலத்தில் வண்டியைப் பாதுகாப்பாக நிறுத்த வேறு என்னென்ன கவனிக்க வேண்டும் என்பது கேள்வி.

இருவரும் எங்கோ கேட்டறிந்த உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் அந்த உண்மை தண்ணீர் உறையும் ஊருக்கு உரியது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களின் சாலைகளில் எந்த மார்கழியிலும் பிரேக் உறைவதில்லை, டீசல் கெட்டியாவதும் இல்லை. நம் பக்கத்தில் பனிக்காலம் லாரிக்குச் செய்யும் கெடுதல் வேறு விதமானது: நின்றிருக்கும் வண்டி பின்னால் வருபவரின் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது, ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய மண் அதன் எடையைத் தாங்காமல் போகிறது. ஆகவே உங்கள் முதல் வண்டிக்கும் இரண்டாவது வண்டிக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது. இரண்டுக்கும் பொதுவானது ஒன்றுதான். எங்கே நிறுத்துவது என்பதை வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே, வெளிச்சம் இருக்கும்போதே முடிவு செய்திருக்க வேண்டும். தூக்கம் கண்ணை அழுத்திய பிறகோ மூடுபனி சூழ்ந்த பிறகோ தேடப்படும் இடம் பெரும்பாலும் சாலையின் ஓரமாகவே முடிகிறது.

முதலில் நம் ஊர்ச் சாலையை எடுத்துக்கொள்கிறேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, ஏரிகள் நிறைந்து, மண் ஈரமாக இருக்கும் மார்கழி, தை மாதங்களில், மேகமில்லாத, காற்றில்லாத இரவுகளில் நிலம் தன் வெப்பத்தை வேகமாக இழக்கிறது. தரையை ஒட்டிய ஈரக்காற்று குளிர்ந்து மூடுபனியாகிறது. மலைச்சரிவுகளிலிருந்து இறங்கும் குளிர்காற்று பள்ளமான இடத்தில் தேங்குவதால் பாலாற்றை ஒட்டிச் செல்லும் பள்ளிகொண்டா, ஆம்பூர் பகுதியிலும், காவேரிப்பாக்கம் பெரிய ஏரியின் பக்கத்திலும் பனி அடர்த்தியாகப் படிகிறது. இதில் ஓட்டுநர்கள் பலரும் கவனிக்கத் தவறுவது ஒன்று உண்டு: பனி நள்ளிரவை விட விடியற்காலையில்தான் கனக்கிறது, சில நாட்களில் சூரியன் எழுந்த பிறகு சிறிது நேரத்துக்கு இன்னும் கனத்துவிட்டுத்தான் கலைகிறது. அதிகாலை நாலரை மணிக்கு எழுந்து, வானம் தெளிவாக இருக்கிறது என்று நம்பிப் புறப்பட்டவர், ஆறரை மணிக்கு எதிரே எதுவும் தெரியாத இடத்தில் மாட்டிக்கொள்வது இதனால்தான். போகிப் பண்டிகையன்று விடியலில் ஊர்தோறும் எரியும் பழைய பொருள்களின் புகையும் பனியோடு கலந்துகொள்ளும். அந்த ஒரு காலைப்பொழுதுக்கு வண்டியைச் சாலையில் இறக்காமல் இருப்பதே நல்லது என்பது என் உறுதியான கருத்து.

நெடுஞ்சாலையின் ஓரத்தில் நின்ற லாரியின் மீது பின்னாலிருந்து கார் மோதும் விபத்துகளை நாம் செய்தித்தாளில் அடிக்கடி படிக்கிறோம். கணக்கைப் பார்த்தால் அதன் காரணம் விளங்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் தூரத்தைக் கடக்கிறது. முன்னால் தெரிவது நிற்கும் வண்டி என்று உணர்ந்து கால் பிரேக்குக்குப் போவதற்கு ஒன்றரை நொடி என்று வைத்தாலும் 42 மீட்டர் போய்விட்டது. ஈரமான சாலையில் பிரேக் பிடித்து நிற்க மேலும் 75 மீட்டருக்குக் குறையாமல் தேவைப்படும். மொத்தம் 120 மீட்டர் அளவுக்கு வருகிறது. அடர்ந்த மூடுபனியில் பார்வை எட்டும் தூரம் 50 மீட்டர்தான் என்றால், அந்தக் கார் ஓட்டுநர் எவ்வளவு திறமையானவராக இருந்தாலும் நிறுத்த முடியாது. லாரியின் பின்பக்கம் காரின் முகப்பை விட உயரமாக இருப்பதால் மோதும் கார் அடியில் நுழைந்துவிடுகிறது; பின்னால் பொருத்தப்படும் தடுப்புக் கம்பி துருப்பிடித்தோ, வளைந்தோ, ரிவர்ஸ் எடுக்கும்போது இடிக்கிறது என்று மேலே தூக்கிக் கட்டப்பட்டோ இருந்தால் அந்த நுழைவைத் தடுக்க எதுவுமே இல்லை. உங்கள் இரண்டு வண்டிகளிலும் அந்தக் கம்பியை இந்த வாரமே பார்த்துவிடுங்கள்.

எனவே சாலையின் தார் போட்ட ஓரத்தில் நிறுத்துவது என்பது பனிக்காலத்தில் ஒரு வழியே அல்ல. விளக்கு எரிகிறது, இண்டிகேட்டர் மின்னுகிறது என்பதெல்லாம் போதுமான காரணங்கள் ஆகா. சொல்லப்போனால், பனியில் எரியும் சிவப்பு விளக்குக்கு இன்னோர் ஆபத்து உண்டு. பனியில் வழி தெரியாத ஓட்டுநர்கள் முன்னால் செல்லும் வண்டியின் பின்விளக்கைப் பிடித்துக்கொண்டே வருவார்கள். ஓரத்தில் நிற்கும் உங்கள் வண்டியின் பின்விளக்கு, ஓடும் வண்டியின் விளக்கு போலத் தோன்றி அவர்களை நேராக அதன் மேலேயே இழுத்துவரும். ஆகவே வண்டி சாலையின் எந்தப் பகுதியையும் தொடாமல் முழுவதும் உள்ளே தள்ளி நின்றுவிட்டால், முன்விளக்கையும் பின்விளக்கையும் அணைத்துவிடலாம். பழுதாகி அசைக்க முடியாமல் சாலையிலோ அதன் விளிம்பிலோ நிற்க நேர்ந்தால் மட்டும் நான்கு இண்டிகேட்டர்களும் விடாமல் மின்ன வேண்டும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் 122-ஆம் பிரிவில், பிறருக்கு ஆபத்தோ இடையூறோ விளையும் நிலையில் வண்டியைப் பொது இடத்தில் நிற்க விடக் கூடாது என்று சொல்கிறது. இது பனிக்காலத்துக்கென்று எழுதப்பட்டதில்லை என்றாலும், பகலில் ஆபத்தில்லாத இடம் பனியில் ஆபத்தானதாகிவிடும் என்பதை மனத்தில் வைத்து அதைப் படிக்க வேண்டும்.

அப்படியானால் எங்கே நிறுத்துவது? தேசிய நெடுஞ்சாலை 48-இல் வாலாஜாபேட்டைக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே சுமார் 150 கிலோமீட்டர் தூரம் இருக்கிறது. இந்தத் தூரத்தில் லாரிகளுக்கென்று ஒதுக்கப்பட்ட நிறுத்துமிடங்கள், பள்ளிகொண்டாவிலும் வாணியம்பாடியிலும் உள்ள சுங்கச்சாவடிகளின் பக்கத்து இடங்கள், விசாலமான முற்றம் கொண்ட பெட்ரோல் பங்குகள், தாபாக்கள் ஆகியவற்றை நீங்களே ஒரு பகலில் போய்ப் பார்த்து, பெயரும் கிலோமீட்டர் கல்லும் குறித்து, ஓட்டுநரிடம் எழுதிக் கொடுங்கள். ஒவ்வொரு திசைக்கும் தனிப் பட்டியல் வேண்டும். எதிர்ப்பக்கத்தில் இருக்கும் பங்க் இரவில் பயன்படாது. இடத்துக்குக் கேட்கும் தொகையை ஓட்டுநர் தன் பேட்டாவிலிருந்து கொடுக்கும்படி விடாதீர்கள். பணம் தன் கையை விட்டுப் போகிறது என்றால் எந்த மனிதரும் சும்மா கிடைக்கும் சாலையோரத்தையே தேர்ந்தெடுப்பார், அதில் அவரைக் குறை சொல்ல இடமில்லை. சுங்கச்சாவடியைக் கடந்தவுடன் வரும் ஓரத்தை மட்டும் தவிர்க்கச் சொல்லுங்கள். அங்கே எல்லா வண்டிகளும் வேகம் எடுக்கும் தருணத்தில் இருக்கின்றன, ஓட்டுநர்களின் கவனம் தடம் மாறுவதில் இருக்கிறது.

சர்வீஸ் ரோடு பாதுகாப்பானது என்று பலர் நினைக்கிறார்கள். ஓரளவுக்கு உண்மைதான், ஆனால் முழுமையான உண்மை இல்லை. மார்கழி, தை மாதங்களில் அதிகாலையில் சபரிமலைக்கும் பழனிக்கும் திருப்பதிக்கும் செல்லும் பக்தர்கள், பால் கேன் கட்டிய இருசக்கர வண்டிகள், தொழிற்சாலைப் பேருந்துக்குக் காத்திருக்கும் தோல் மற்றும் காலணித் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், எல்லோரும் அந்தச் சர்வீஸ் ரோட்டைத்தான் நம்பியிருக்கிறார்கள். அங்கே லாரி நின்றால் நடந்து வருபவர்கள் அதைச் சுற்றிக்கொண்டு சாலையின் நடுவே இறங்க வேண்டியிருக்கிறது. கார்த்திகை தீபத்தை ஒட்டிய நாட்களில் வேலூர், திருவண்ணாமலை சாலையில் இது இன்னும் கடுமையாக இருக்கும். சர்வீஸ் ரோட்டில்தான் நிறுத்தியாக வேண்டும் என்ற நிலை வந்தால், பேருந்து நிற்கும் இடத்துக்கும் ஊர்த் திருப்பத்துக்கும் தள்ளி, நடப்பவர்களுக்கு ஒரு பக்கம் வழி விட்டு நிறுத்த வேண்டும்.

மண்ணைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. முழு லோடுடன் 10 சக்கர லாரி 28 டன்னை எட்டும். மழைக்குப் பிறகு மேலே காய்ந்து வெள்ளையாகத் தெரியும் மண் உள்ளே சேறாகவே இருக்கும். முதல் இரண்டு மணி நேரம் தாங்கிய தரை விடியும்போது ஒரு பக்கம் அமுங்கியிருக்கும். பாரம் உயரமாக ஏற்றப்பட்ட வண்டி அந்தச் சிறு சாய்விலேயே கவிழக் கூடும். நிறுத்துவதற்கு முன் கிளீனர் இறங்கி, குதிகாலால் மண்ணை அழுத்திப் பார்த்து, எட்டு பத்து அடி முன்னும் பின்னும் நடந்து பார்த்துவிட்டுச் சொல்ல வேண்டும். ஏரிக்கரை, கால்வாய் விளிம்பு, புதிதாகக் கேபிளோ குழாயோ புதைத்து மூடிய பள்ளம் ஆகியவற்றின் மேல் சக்கரம் ஏறவே கூடாது. பழைய புளிய மரங்களின் நிழல் கோடையில் ஒரு வரம், ஆனால் ஊறிய மண்ணில் நிற்கும் மரம் காற்றில் வேரோடு சாய்வது கார்த்திகை மாதத்தில் புதுமையான செய்தி இல்லை. மேலே மின்கம்பி போகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். தார்ப்பாய் ஈரமாக இருக்கும்போது மேலே ஏறிக் கயிறு கட்டுபவருக்கு அது உயிர்ப் பிரச்சினை.

வறண்ட ஆறு என்று நம்பி ஆற்றுப் படுகையிலும் அதன் கரையோரப் புறம்போக்கிலும் வண்டி நிறுத்தும் பழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. 2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டதையும், மோர்தானா அணை நிரம்பி வழிந்து கவுண்டன்யா ஆற்றின் வெள்ளம் குடியாத்தம் நகருக்குள் புகுந்ததையும் பார்த்தவர்கள் அதை இனி செய்ய மாட்டார்கள். இங்கே ஒரு சொட்டு மழை இல்லாமலிருந்தாலும் ஆந்திர, கர்நாடகப் பகுதிகளில் பெய்த மழை இரவோடு இரவாக இங்கே வந்து சேரும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை ஆற்றுப் படுகையில் வண்டி நிற்கவே கூடாது.

வண்டியின் பின்புறத்தைப் பிறர் பார்க்கும்படி வைத்திருப்பது அடுத்த வேலை. ஒளி பிரதிபலிக்கும் நாடாக்கள் பின்பக்கம் சிவப்பாகவும் முன்பக்கம் வெள்ளையாகவும் ஒட்டப்பட்டிருக்கும், எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுக்குப் போகும் நாளில் அவை பளபளப்பாகவும் இருக்கும். அதன் பிறகு சேறும் டீசல் புகையும் படிந்து, தார்ப்பாயின் தொங்கும் நுனியும் அதை மறைத்து, பனிக்காலம் வரும்போது அங்கே நாடா இருந்ததற்கான அடையாளமே இருக்காது. டீ குடிக்க நிறுத்தும் ஒவ்வொரு முறையும் ஈரத்துணியால் நாடாவையும் பின்விளக்கையும் துடைப்பது இரண்டு நிமிட வேலை. தார்ப்பாயின் நுனியை நாடாவுக்கு மேலே மடித்துக் கட்ட வேண்டும் என்று லோடு ஏற்றும் இடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பழுதாகி நின்ற வண்டியைச் சுற்றி மரக்கிளையை ஒடித்துப் போடுவதும், கல்லை வரிசையாக வைப்பதும் நம் சாலைகளில் நெடுநாள் வழக்கம். பச்சை இலையும் கருங்கல்லும் இருட்டில், அதுவும் பனியில், எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. வண்டி புறப்பட்டுப் போன பிறகு அந்தக் கற்கள் அங்கேயே கிடந்து இருசக்கர வண்டியில் வருபவர்களைச் சாய்க்கின்றன. ஒளி பிரதிபலிக்கும் எச்சரிக்கை முக்கோணங்கள் குறைந்தது மூன்று வாங்கி வையுங்கள். மேலே சொன்ன 120 மீட்டர் கணக்கை நினைவில் கொண்டால், வண்டிக்கு இருபது அடி பின்னால் வைக்கப்படும் முக்கோணத்தால் பயனில்லை என்பது தெரியும். பனியில் ஒன்றை 150 மீட்டர் அளவுக்குப் பின்னாலும், மற்ற இரண்டை இடையிலும் வைக்க வேண்டும். அதை எடுத்துச் செல்பவர் சாலையில் நடக்காமல், ஓரத் தடுப்புக்கு வெளியே, வரும் வண்டிகளைப் பார்த்தபடி நடக்க வேண்டும். வைத்து முடித்ததும் ஓட்டுநரும் கிளீனரும் கேபினுக்குள் போய் உட்காராமல் சாலையை விட்டு விலகி நின்று, தேசிய நெடுஞ்சாலைகளுக்கான 1033 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பனி நனைக்காமலிருக்க லாரிக்கு அடியில் படுப்பதை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் அனுமதிக்காதீர்கள்.

இனி இரண்டாவது வண்டி. கிருஷ்ணகிரியில் தேசிய நெடுஞ்சாலை 44-இல் ஏறினால் ஐதராபாத், நாக்பூர், ஜான்சி வழியாக ஆக்ரா வரையும், அங்கிருந்து டெல்லி, ஜம்மு வழியாகக் காஷ்மீர் வரையும் அதே சாலைதான். இந்த வழியை மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். ஜான்சி வரை நம் ஊரை விடச் சற்றுக் கூடுதலான குளிர், அவ்வளவுதான். ஜான்சியைத் தாண்டி ஜம்மு நகரம் வரை உள்ள சமவெளியில் டிசம்பர் பின்பாதியிலும் ஜனவரியிலும் மூடுபனிதான் முதல் எதிரி. நம் பக்கத்தில் எட்டு ஒன்பது மணிக்குக் கலையும் பனி அங்கே நண்பகல் வரை நிற்கும். சில வேளைகளில் நாள்கணக்கில் விலகாது. 50 மீட்டருக்குக் குறைவாகப் பார்வை எட்டும் நிலையை வானிலை ஆய்வுத் துறை மிக அடர்ந்த மூடுபனி என்கிறது. அங்கே இரவு பத்து மணிக்கு நிறுத்தி, பனி விலகிய பிறகே எடுக்க வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்து, அதற்கேற்ப ஒன்றிரண்டு நாட்களைக் கூட்டிச் சரக்கு பெறுபவரிடம் தேதி சொல்ல வேண்டும். தேதியை நெருக்கமாகச் சொல்லிவிட்டு, பார்த்துப் போ என்று ஓட்டுநரிடம் சொல்வது நியாயமில்லை.

மூன்றாவது பகுதி ஜம்முவுக்கு மேலே, பனிஹால் தாண்டிய காஷ்மீர்ப் பள்ளத்தாக்கு. ஆப்பிள் லோடுக்கு வாடகை நன்றாகக் கிடைக்கும் என்று புக்கிங் ஏஜென்ட் சொன்னால் ஓட்டுநருக்கு அங்கே போகத் தோன்றும். டிசம்பர் 21 முதல் 40 நாட்கள் அங்கே கடுங்குளிர். அவர்கள் அதைச் சில்லை கலான் என்கிறார்கள். உங்கள் ஓட்டுநர்கள் சொன்ன இரண்டு செய்திகளும் உண்மையாவது இங்கேதான்.

ஹேண்ட் பிரேக்கைப் பற்றி முதலில். ஏர் பிரேக் லாரியில் நிறுத்தத்துக்கான பிரேக்கைப் பிடிப்பது காற்று அன்று, வலுவான ஸ்பிரிங். காற்றழுத்தம் அந்த ஸ்பிரிங்கைப் பின்னுக்குத் தள்ளி வைத்திருக்கிறது, லீவரை இழுத்தால் காற்று வெளியேறி ஸ்பிரிங் பிடித்துக்கொள்கிறது. சேற்றிலும் உருகிய பனியிலும் ஓடிவந்த வண்டியின், சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம்முக்குள் ஈரம் இருக்கும். சூடான நிலையில் பிரேக் ஷூ டிரம்மை அழுத்தியபடி இரவு முழுவதும் மைனஸ் குளிரில் நின்றால், அந்த ஈரம் உறைந்து இரண்டையும் ஒட்டிவிடும். இதைத் தவிர்க்க, நிறுத்துமிடத்துக்குக் கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது பின்னால் வண்டி இல்லாத இடமாகப் பார்த்து பிரேக்கை மெல்ல அழுத்தியபடியே ஓட்டினால் டிரம் காய்ந்துவிடும். பிறகு சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்துக் கியரில் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் நல்ல முட்டுக்கட்டைகள் வைத்தால், அங்கே மட்டும், ஹேண்ட் பிரேக்கை விட்டுவைக்கலாம். சட்டத்தின் 126-ஆம் பிரிவும், ஓட்டுநர் இருக்கையில் இல்லாதபோது இன்ஜினை நிறுத்திப் பிரேக் போட வேண்டும், அல்லது வண்டி தானாக நகராதபடி வேறு ஏற்பாடு செய்ய வேண்டும் என்றுதான் சொல்கிறது. சரிவில் இந்தச் சலுகை கிடையாது. ஆக்ராவிலோ ஆம்பூரிலோ இதற்குத் தேவையே இல்லை. அங்கெல்லாம் ஹேண்ட் பிரேக் போட்டே ஆக வேண்டும். காலையில் ஒட்டிக்கொண்டது தெரிந்தால் ஆக்சிலரேட்டரை மிதித்து இழுக்கக் கூடாது. காற்றழுத்தம் முழுவதும் ஏறிய பிறகு மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, டிரம்மைத் தட்டி விடுவிக்க வேண்டும்.

இதோடு சேர்ந்தது ஏர் டேங்கில் சேரும் தண்ணீர். கம்ப்ரசர் அழுத்தும் காற்றிலுள்ள ஈரம் டேங்கின் அடியில் நீராகத் தங்கும். நம் ஊரில் அது துருவை மட்டுமே உண்டாக்கும். அங்கே வால்விலும் குழாயிலும் உறைந்து பிரேக்கையே செயலிழக்கச் செய்யும். அடியிலுள்ள வால்வைத் திறந்து தினமும் மாலையில் நீரை வடித்துவிட வேண்டும். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் ஏர் டிரையரின் கார்ட்ரிட்ஜ் பழையதாக இருந்தால் புறப்படுவதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும்.

இன்ஜினை இரவெல்லாம் ஓட விடுவது பற்றி. நம் பக்கத்தில் அது வீண் செலவு. மணிக்கு சுமார் இரண்டு லிட்டர் டீசல் போகும், பி.எஸ். 6 என்ற புகை மாசு விதிப்படி வந்த வண்டியில் புகை வடிகட்டியில் கரியும் சேரும். கடுங்குளிரில் ஓட்டுநர்கள் இதைச் செய்வதற்குக் காரணம் காலையில் ஸ்டார்ட் ஆகாதோ என்ற அச்சமும், கேபினில் குளிரைத் தாங்க முடியாததும். இரண்டுக்கும் வேறு வழி இருக்கிறது. ஸ்டார்ட் ஆகாமல் போவதற்குப் பேட்டரியும் டீசலும்தான் பெரும்பாலும் காரணம். குளிரில் பேட்டரியின் திறன் வெகுவாகக் குறையும். சார்ஜ் இறங்கிய பேட்டரியின் திரவம் உறைந்து வெடிப்பு விடவும் கூடும், முழு சார்ஜில் இருப்பது உறையாது. டீசலில் உள்ள மெழுகு குளிரில் திரண்டு ஃபில்டரை அடைக்கும். நம் நாட்டுத் தர விதிப்படி, ஃபில்டர் அடைபடத் தொடங்கும் வெப்பநிலை குளிர்காலத்து டீசலுக்கு 6 டிகிரிக்கும், மற்றக் காலத்து டீசலுக்கு 18 டிகிரிக்கும் மேற்படக் கூடாது. லடாக்கின் குளிருக்கென்றே மைனஸ் 33 டிகிரி வரை இறுகாத டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019-இல் கொண்டுவந்தது. உங்கள் வண்டி தெற்கிலிருந்து நிரப்பிய டீசலோடு மலை ஏறக் கூடாது. டேங்கைக் காலியாக்கிக்கொண்டே போய், குளிர்ப் பகுதியில் விற்கும் டீசலை அங்கே நிரப்பி, அது குழாய்களில் சேரும்வரை சிறிது தூரம் ஓட்டிய பிறகே இரவுக்கு நிறுத்த வேண்டும். மண்ணெண்ணெய் கலப்பது பழைய இன்ஜின் காலத்துப் பழக்கம், இன்றைய இன்ஜெக்டரையும் புகை வடிகட்டியையும் கெடுத்துவிடும். டேங்குக்கு அடியில் துணியைக் கொளுத்திச் சூடேற்றுவதைச் சில இடங்களில் செய்கிறார்கள். பிரேக் குழாயும் வயரிங்கும், புகையைச் சுத்தப்படுத்தும் யூரியா கரைசலின் டேங்கும் அருகிலேயே இருக்கும்போது அதை விடப் பெரிய ஆபத்தை நினைத்துப் பார்க்க முடியவில்லை. யூரியா கரைசல் மைனஸ் 11 டிகிரியில் உறையும். அதை உருக்க வண்டியிலேயே ஏற்பாடு இருப்பதால் ஓட்டுநர் எதுவும் செய்ய வேண்டாம். உறையும்போது விரியும் என்பதால் இரவில் அந்த டேங்கை விளிம்பு வரை நிரப்பாமல் விட்டால் போதும்.

கேபின் குளிருக்கு நல்ல ரஜாயும் கம்பளியும் இரண்டு பேருக்கும் வாங்கிக் கொடுங்கள். இந்த ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: மூடிய கேபினுக்குள் கரி அடுப்போ, மண்ணெண்ணெய் அடுப்போ, கேஸ் அடுப்போ எரியக் கூடாது. கனன்றுகொண்டிருக்கும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவர் தலைவலியைக்கூட உணராமல் இறந்துபோவார். வட இந்தியாவில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் இப்படி உயிர்கள் போகின்றன, லாரிக் கேபின்களிலும் போகின்றன. நின்ற வண்டியில் இன்ஜினை ஓட விட்டுத் தூங்குவதிலும், சைலன்சர் குழாயில் ஓட்டை இருந்தாலோ அதன் வாயைப் பனி மூடினாலோ இதே ஆபத்து வரும். குளிர் தாங்க முடியாவிட்டால் அறை எடுத்துத் தங்கச் சொல்லுங்கள், அந்தச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.

மலைச்சாலையில் பனிச்சரிவும் மண்சரிவும் வரும்போது போலீஸார் கனரக வண்டிகளை உதம்பூர் பக்கமோ காசிகுண்ட் பக்கமோ நிறுத்தி வைப்பார்கள். சில சமயம் பல நாட்கள் ஆகும். அந்த நாட்களில் முந்திக்கொண்டு போய் நடுவழியில் நிற்பதுதான் பெரிய தவறு. ராம்பனுக்கும் பனிஹாலுக்கும் இடையே மலையிலிருந்து கல் உருளும் இடங்கள் பல உண்டு. புதிதாக விழுந்த கற்கள் சாலையில் கிடக்கும் இடத்தில் ஐந்து நிமிடமும் நிறுத்தக் கூடாது. மூன்று நாளைக்கான உணவும் குடிநீரும் வண்டியில் இருக்க வேண்டும்.

சிறிய செய்திகள் சில. வெப்பநிலை 10 டிகிரி குறைந்தால் லாரி டயரின் காற்றழுத்தம் சுமார் 4 பி.எஸ்.ஐ. குறையும், ஆகவே காலையில் ஓடத் தொடங்கும் முன் பார்க்க வேண்டும். உறைந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றினால் விரிசல் விடும்; இரவே வைப்பரைத் தூக்கி வைத்துவிட வேண்டும். தார்ப்பாயில் குழி விழாமல் இறுக்கிக் கட்ட வேண்டும், தேங்கிய தண்ணீர் உறைந்தால் அதன் பாரத்தில் தார்ப்பாய் கிழியும், தோல் நனையும்.

கடைசியாக, இரண்டாவது வண்டியின் ரேடியேட்டர். நம் ஊர் ஓட்டுநர்கள் கூலன்ட் குறைந்தால் வழியில் கிடைக்கும் தண்ணீரை ஊற்றுவார்கள். கோடையில் அதனால் உடனே ஒன்றும் தெரியாது. உறையும் தண்ணீர் சுமார் 9 விழுக்காடு விரியும்; அது இன்ஜின் பிளாக்கையே பிளந்துவிடும், அந்தச் செலவு ஒரு சீசன் வாடகையைத் தின்றுவிடும். பாதி கிளைக்கால் (உறையாமல் காக்கும் கூலன்ட் திரவம்), பாதி சுத்தமான நீர் என்ற அளவில் இருந்தால் மைனஸ் 35 டிகிரி வரை பயமில்லை. ஒர்க்‌ஷாப்பில் கூலன்ட்டின் உறைநிலையை அளக்கும் சிறு கருவி இருக்கும். ஜம்முவுக்கு மேல் லோடு எடுப்பது என்று முடிவானால், வாலாஜாவிலிருந்து புறப்படும் முன்பே அதை அளந்து பார்த்து, தண்ணீர் கலந்திருந்தால் முழுவதும் வடித்துப் புதிதாக நிரப்பிய பிறகு வண்டியை அனுப்புங்கள்.